மேசையில் ஒரு பேச்சு, நடைபாதையில் ஒரு பேச்சு

ஜெர்சி சிட்டி,
நவம்பர் 18.

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் பக்கத்தில் அம்மா இருந்தாள். "ஏத்தா, நூடுல்ஸ் திங்கவா ரோட்டுல ஒன்றரை மணி நேரம் நின்னீங்க? அப்படி என்னத்தப் போடுறான் அதுல?" என்றீர்கள். என்னத்தைப் போடுகிறான் என்பதுதான் அம்மா காதில் விழக்கூடாத சங்கதி. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நாலு வரிக்கு மேல் போனால் கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறீர்கள். காகிதம் என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பீர்கள். படித்ததும் உங்கள் மெஸ் கல்லாப்பெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள். அங்கே அம்மா கை வைக்கமாட்டாள்.

முதலில் அதைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பன்றி எலும்பு. அம்மாவைப் பொறுத்தவரை நான் சனிக்கிழமை தவறாமல் ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு, அங்குள்ள கேண்டீனில் தோசை தின்றுவிட்டு வருகிறவள். பிள்ளையாரும் இருக்கிறார், கேண்டீனும் இருக்கிறது, நான் போவதும் உண்டு. வாராவாரம் என்பதில்தான் கொஞ்சம் கூடக்குறைய.

கடை இருப்பது மன்ஹாட்டனில், ஈஸ்ட் வில்லேஜ் என்ற பகுதியில். ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயில் ஏறி, 9ஆவது தெருவில் இறங்கி, கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் வரும். ஒரு காலத்தில் பாட்டுக்காரர்களும் ஓவியர்களும் வாடகை குறைச்சல் என்று குடிவந்த இடம். இன்றைக்கு அவர்களில் யாரும் அங்கே வாடகை கட்ட முடியாது. 6ஆவது தெருவில் வரிசையாக இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. நடத்தியவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்தவர். செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் பக்கம் ஜப்பான்காரர்களின் மளிகைக் கடையும் சாராயக் கடையும் ரொம்ப நாளாகவே உண்டு. 2004இல் டேவிட் சாங் என்ற கொரிய வம்சாவளிச் சமையல்காரர் முதல் அவென்யூவில் மொமொஃபுகு நூடுல் பார் என்று ஒரு சின்னக் கடை போட்டார். ஜப்பானில் ஃபுகுவோகாவில் தொடங்கிய இப்புடோ என்ற நூடுல்ஸ் கடை, 2008இல் தன் முதல் வெளிநாட்டுக் கிளையை இதே பக்கம் திறந்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் இளவட்டங்களுக்கு ராமென் என்கிற அந்த ஜப்பானிய நூடுல்ஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. நாங்கள் போனது இவை இரண்டும் இல்லாத வேறு கடை. பெயர் எழுதமாட்டேன். நீங்கள் அதை மெஸ்ஸுக்கு வரும் யாரிடமாவது சொல்ல, அவர் மகன் இங்கே தேடிப்போய் என் பெயரைச் சொல்ல, எனக்கு எதற்கு வம்பு.

எங்கள் பிரிவு மேலாளருக்குப் பிறந்தநாள். அந்தம்மா புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். ஆபீசிலிருந்து ஆறு பேர், கூட என் வீட்டுக்காரர், ஆக ஏழு. முன்பதிவு கிடையாது. வாசலில் ஒரு பெண் டேப்லெட்டோடு நிற்பாள். பெயரைக் கொடுத்தால் எழுதிக்கொள்வாள், முறை வரும்போது போனுக்குத் தகவல் வரும். ஏழு பேரும் கண்முன் நின்றால்தான் உட்காரவைப்பாள். ஆறு பேர் வந்து ஒருவர் ரயிலில் இருந்தால், பின்னால் நிற்கும் நாலு பேரைக் கூப்பிட்டுவிடுவாள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மதுக்கடை. ராமென் கடையில் இடம் கிடைக்காதவர்களை வைத்தே அதன் சாயங்கால வியாபாரம் ஓடுகிறது. வரிசை நீள நீள மதுக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம். இப்படி ஒரு கடை பக்கத்தில் அமைய அவர் போன ஜென்மத்தில் அன்னதானம் செய்திருக்க வேண்டும்.

மாமா, உங்கள் மெஸ்ஸில் ஜனங்கள் சாப்பிட்டுவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். இங்கே வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தன் தோழனிடம், ஊரிலேயே இதுதான் முதல் தரம் என்று அடித்துச் சொன்னாள். அப்புறம் பேச்சுவாக்கில் தெரிந்தது, அவளும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வருகிறாள். பின்னால் நின்ற தாடிக்காரர், "நீங்கள் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கணும், இப்ப எல்லாம் போச்சு" என்றார். போன பிறகும் எதற்கு நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. நியூயார்க்கில் இது ஒரு சம்பிரதாயம். எந்தக் கடையும் நீங்கள் வருவதற்கு முன்பு நன்றாக இருந்தது. நீங்கள் வந்ததும் கெட்டுப்போனது.

குளிர் வேறு. அரை மணி நேரம் நின்றதும் காலில் உணர்ச்சி போனது. ஒரு மணி நேரம் ஆனதும் கடையைப் பற்றிய எங்கள் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்றது ஒரு கட்சி. இத்தனை பேரும் நம்மை மாதிரித்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றது இன்னொரு கட்சி. ஒன்றரை மணி நேரம் நின்ற மனுஷன் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு "சுமார்" என்று சொல்ல முடியுமா? நின்ற நேரத்துக்கு அவனே அவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்று, அமிர்தம் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பகல் கொள்ளை என்று சொல்லியாக வேண்டும். நடுவில் நிற்க இடமே கிடையாது.

உள்ளே நுழைந்ததும் கடையிலுள்ள அத்தனை பேரும் சேர்ந்து ஜப்பானிய மொழியில் வரவேற்புக் கூச்சல் போட்டார்கள். திறந்த அடுப்படி. கூவுகிற வாய்களில் ஜப்பான்காரர் வாய் ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் மெக்சிகோ, ஈக்வடார் பக்கத்துப் பையன்கள். இந்த ஊரில் எந்தத் தேசத்துச் சாப்பாடு என்று பலகை போட்டிருந்தாலும் அடுப்பில் நின்று வியர்வை சிந்துகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கூச்சலுக்கு மேல் பாட்டு, பாட்டுக்கு மேல் அதை மீறிப் பேசும் ஜனங்கள். முதுகு சாய வழியில்லாத முக்காலி. நீளமான ஒரே மேசை. இடது பக்கம் நம் ஆள், வலது பக்கம் முன்பின் தெரியாதவர். கோட்டை மாட்ட ஓர் ஆணி இல்லை. ஏழு பேரும் அவரவர் கோட்டின் மேலேயே உட்கார்ந்தோம், அதனால் எல்லோரும் நாலு விரல் உயர்ந்துவிட்டோம்.

இந்த இரைச்சலைப் பற்றியே இரண்டு விதமான கருத்து. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த சின்னப் பெண்ணுக்கு அதுதான் உயிர்த்துடிப்பு. மேலாளரம்மாவுக்குத் தலைவலி. எங்கள் பிரிவில் ஓய்வுபெறப் போகிற கணக்கர் ஒருவர் உண்டு. அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். கடைசிவரை முகம் சுளிக்காத ஒரே ஆள் அவர்தான்.

இனிமேல் தொழில் விஷயம். கவனமாகப் படியுங்கள்.

கிண்ணம் கனமானது, உள்ளங்கையில் ஏந்தினால் சூடு நிதானமாக ஏறும். சாறு மங்கிய வெள்ளை நிறம், அடி தெரியாது. மேலே கொழுப்பு சின்னச் சின்ன வட்டமாக மிதக்கிறது. ஒரு ஓரத்தில் கறுப்பாக ஓர் எண்ணெய். பூண்டைக் கருகக் கருக வறுத்து அரைத்தது. மெல்லிய கறித் துண்டு இரண்டு, நறநறவென்று கறுப்புக் காளான் கீற்று, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், செங்குத்தாக நிறுத்திய ஒரு கடற்பாசித் தாள். குனிந்தால் வாசனை நம் ஆட்டுக்கால் பாயாவுக்குக் கிட்டத்து உறவு, ஆனால் மசாலா என்ற பேச்சே கிடையாது.

எலும்பை முதலில் ஒரு கொதி விட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். இரத்தம், அழுக்கெல்லாம் போக ஒவ்வோர் எலும்பாகக் கழுவுகிறார்கள். பிறகு புதுத் தண்ணீரில் போட்டு, தீயைக் குறைக்காமல் தளபுளவென்று பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் கொதிக்கவிடுகிறார்கள். நீங்கள் சூப்புக்குத் தீயைத் தணிப்பீர்கள், தெளிவாக வர வேண்டும் என்று. இவர்களுக்குத் தெளிவு வேண்டாம். அடித்துக் கொதித்தால்தான் கொழுப்பும் எலும்பின் பசையும் தண்ணீரோடு கலந்து பிரியாமல் நிற்கும். அந்த வெள்ளை அப்படி வருவதுதான். பாலோ மாவோ சேர்ப்பதில்லை.

அடுத்தது உப்பு. அண்டாவில் உப்பே போடமாட்டார்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஒரு சின்னக் கரண்டி உப்புச் சரக்கை முதலில் ஊற்றி, அதன் மேல்தான் சாற்றை ஊற்றுகிறார்கள். ஒரு கடையில் சோயா, இன்னொரு கடையில் வெறும் உப்பு, ஜப்பானின் வடக்கே சப்போரோ பக்கம் சோயா விழுது. கிண்ணத்துக்குக் கிண்ணம் உப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நூடுல்ஸில் முட்டை இல்லை. கோதுமை மாவோடு காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணீர் (மிளகாய்க் காரம் இல்லை) சேர்த்துப் பிசைகிறார்கள். அதனால்தான் இலேசான மஞ்சள், கடித்தால் ஒரு துள்ளல். ஃபுகுவோகா பக்கத்து நூடுல்ஸ் மெலிசு, சட்டென்று வெந்துவிடும், சட்டென்று ஊறியும் போகும். அதனால் எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்கிறார்கள். நூடுல்ஸ் தீர்ந்து சாறு மிச்சமிருந்தால், இன்னொரு பிடி நூடுல்ஸ் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

எங்களில் ஒருவர் அந்த ஃபுகுவோகாவில் பிறந்தவர். கிண்ணம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தவர், உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்க, எட்டு நிமிடத்தில் நிமிர்ந்தார். கிண்ணம் காலி. கலிஃபோர்னியாப் பெண் அந்நேரம் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குச்சியால் நூடுல்ஸைத் தூக்கிப் பிடித்து ஒன்று. தூக்கிப் பிடிக்க மேலாளரம்மா, படம் எடுக்க இவள். ஃபுகுவோகாக்காரர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளையை யாரோ வெயிலில் நிறுத்தியிருக்கிற முகம். கடைசியில் அவள் வாயில் வைத்தபோது, "கொஞ்சம் குழைந்திருக்கிறதே" என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய தீர்ப்பைக் கேட்டோம். "சாறு சரி. நூடுல்ஸ் சரி. ராமென் விலை இது இல்லை" என்றார். ஜப்பானில் ஒரு கிண்ணம் 1000 யென்னைத் தாண்டினால் ஜனங்கள் முறைப்பார்களாம். இன்றைய கணக்கில் அது 7 டாலருக்கும் குறைவு. டோக்கியோவில் ட்சுடா என்ற ஒன்பது முக்காலிக் கடைக்கு 2015 டிசம்பரில் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. ராமென் கடை ஒன்றுக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அங்கேயும் அந்த நேரத்தில் ஏறக்குறைய அந்த விலைக்குத்தான் கிண்ணம் கிடைத்தது. கூலிக்காரரும் மாணவர்களும் அவசரத்தில் வயிறு நிறைக்கிற சாப்பாடு இது, இதற்கு ஏன் மெழுகுவத்தி என்றார். ஆமாம் மாமா, மேசையில் மெழுகுவத்தி இருந்தது.

சன்செட் பார்க்கிலிருந்து வரும் சீன வம்சாவளித் தோழர் விடவில்லை. இது எங்கள் ஊர்ச் சரக்கு, ஜப்பான்காரர் வாங்கிப் பெயரை மாற்றிவிட்டார் என்று ஆரம்பித்தார். அதில் உண்மை இருக்கிறது. 1910இல் டோக்கியோ அசாகுசாவில் ராய்ராய்கென் என்ற கடையைத் திறந்தவர் ஜப்பானியர்தான். அடுப்பில் நின்றவர்கள் யோகோஹாமாவிலிருந்து கூட்டிவந்த சீனச் சமையல்காரர்கள். ராமென் ஜப்பானில் பரவியதற்கு அந்தக் கடையைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். ஃபுகுவோகாக்காரர் மறுக்கவில்லை, "நூடுல்ஸ் உங்களுடையது, வரிசை எங்களுடையது" என்றார். சீனத் தோழர் தன் கிண்ணத்தின் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, சைனாடவுனில் இதில் பாதி விலைக்கு இதைவிட நல்லது கிடைக்கும் என்று முடித்தார்.

உங்கள் மாப்பிள்ளை கதையையும் கேளுங்கள். சைவத்துக்கென்று ஒரு கிண்ணம், 18 டாலர். கடற்பாசியும் காய்ந்த காளானும் போட்டு இறக்கிய சாறு. நன்றாகவே இருந்தது, நான் ருசி பார்த்தேன். அவர் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணாடியைக் கழற்றி ஆவி துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் குக்கரைத் திறந்து மத்தியானச் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தீர்ப்பு அதுதான்.

இதற்கு நடுவில் மேலாளரம்மாவுக்கு உப்பு. நாலு வாய் குடித்ததிலிருந்து தண்ணீர், தண்ணீர் என்று இருந்தார். எனக்கும் உப்பு தூக்கலாகத்தான் பட்டது. அப்போது பரிமாறுகிற பையன் வந்து, எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். மேலாளரம்மா முகம் மலர்ந்து, "அற்புதம்!" என்றார். குழைந்துபோன நூடுல்ஸ்காரி, "பிரமாதம்!" என்றாள். பாதி விலைத் தோழர் கட்டைவிரலை உயர்த்தினார். உங்கள் மாப்பிள்ளையும் தலையை ஆட்டினார். பையன் சந்தோஷமாகப் போய்விட்டான். அந்தக் கரண்டி உப்புச் சரக்கு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு கரண்டி வெறும் சாறு ஊற்றிச் சரிசெய்திருப்பான். சொல்லவில்லை. சமைத்தவரிடம் குறை சொல்வது இங்கே மரியாதைக் குறைவு. ஊரில் மற்ற எல்லோரிடமும் சொல்லலாம்.

உங்கள் மெஸ்ஸில் முதல் பந்தியில் உட்காரும் அந்த ரெஜிஸ்திரார் ஆபீஸ்காரர் நினைவுக்கு வந்தார். "யோவ், குழம்புல உப்ப அள்ளிக் கொட்டிட்டீரா?" என்று இலையில் இருந்தபடியே கத்துவாரே. நீங்களும் உள்ளே திரும்பி அதைவிடச் சத்தமாகக் கத்துவீர்கள். அடுத்த பந்திக்குக் குழம்பு சரியாகிவிடும். மறுநாள் அவரும் அதே இடத்தில் இருப்பார்.

பில் வந்தது. கிண்ணம் 19 டாலர். மேலே வைக்கிற, சோயாவில் ஊறிய முட்டை தானாக வரும் என்று எண்ணாதீர்கள், அது தனி, 3 டாலர். நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதம். அந்தச் சில்லறைப் புள்ளிகளைக் கண்டுபிடித்தவரை ஒரு நாள் நேரில் பார்க்க ஆசை. அப்புறம் டிப்ஸ். பையன் ஒரு கையடக்க மெஷினை நம் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். அதில் 18, 20, 25 என்று மூன்று கட்டம். எதைத் தொடுகிறோம் என்று அவன் பார்க்காத மாதிரி கூரையைப் பார்க்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காத மாதிரி மெஷினைப் பார்க்கிறார்கள். 20ஐத் தொட்டேன். மொத்தம் 28 டாலர் 35 சென்ட். நம் பணத்தில் 2,400 ரூபாய்க்குக் குறையாது. மாமா, உட்கார்ந்து படிக்கிறீர்கள்தானே? ஜப்பானில் டிப்ஸ் என்ற வழக்கமே கிடையாதாம். நம் ஃபுகுவோகாக்காரர் இத்தனை வருடம் இங்கே இருந்தும், அந்த மெஷின் வரும்போது அவருக்கு இன்னும் கை நடுங்குகிறது.

வெளியே வந்து கதவு மூடியதுதான் தாமதம், அற்புதம் சொன்ன வாயெல்லாம் வேறு வாயாகிவிட்டது. நடைபாதையில் நின்றுகொண்டு கால் மணி நேரம் ஒரு நீதிமன்றமே நடந்தது. உப்பு, விலை, இரைச்சல், முக்காலி, கறித் துண்டின் கனம். கடைப் பெயர் போட்ட பனியனை வாசலில் விற்கிறார்களே, அது வேறு. வரிசையில் நின்றவர்கள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலாளரம்மாவிடம் கேட்டார், "நிற்கலாமா, நல்லா இருக்கா?" என்று. அந்தம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "கண்டிப்பா! முட்டையை மறந்துடாதீங்க" என்றார். தான் நின்றதை அடுத்தவனும் நிற்கட்டும் என்ற நல்லெண்ணம்தான், வேறென்ன.

திங்கட்கிழமை ஆபீசில் விவகாரம் தொடர்ந்தது. வராதவர்களும் கருத்துச் சொன்னார்கள், முக்கியமாக வராதவர்கள். எடிசனில் இருக்கும் நம் ஊர்த் தோழி ஒருத்தி ஏற்கெனவே அங்கே போய்வந்தவள். காரில் வந்து, வண்டி நிறுத்த 40 டாலர் கொடுத்தவள் என்பதால் அவள் தீர்ப்பில் சாறு, நூடுல்ஸ் எதுவுமே வரவில்லை. 40 டாலர்தான் வந்தது. லாங் ஐலண்டில் வளர்ந்த ஐவன் ஆர்கின் என்ற யூதர் ஒருவர் 2007இல் டோக்கியோவிலேயே போய் ராமென் கடை திறந்து, அந்த ஊர்க்காரர்களிடமே பேர் வாங்கி, பிறகு நியூயார்க் திரும்பிக் கடை போட்டார். அங்கே போயிருக்க வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் புரூக்ளினில் 2016இல் திறந்த இச்சிரானைச் சொன்னார். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் பலகை அடைத்த தனித்தனிக் கூண்டு. முன்னால் ஒரு மூங்கில் தட்டி, அதற்கு அடியில் கிண்ணம் மட்டும் வரும், கொடுக்கிறவர் முகம் தெரியாது. பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது என்று பாதிப் பேர், அதுதான் சுகம் என்று பாதிப் பேர். பிறந்தநாளுக்கு எப்படி ஐயா ஏழு கூண்டில் உட்கார்வது?

இந்த அமளிக்கு நடுவில் ஃபுகுவோகாக்காரர் தன் மேசையில் கப் நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு ஒரு கதை சொன்னார். போரில் தோற்ற ஜப்பானில் பஞ்சம். அமெரிக்கா கப்பல் கப்பலாகக் கோதுமை மாவை அனுப்பியது. அந்த மாவில் ஒரு பங்கு கள்ளச்சந்தைத் தள்ளுவண்டிகளில் ராமெனாக ஆவி பறந்தது. ஒசாகா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வண்டிக்கு முன்னால், குளிரில் நடுங்கிக்கொண்டு ஜனங்கள் நீள வரிசையில் நின்றதை மொமொஃபுகு அண்டோ என்பவர் பார்த்தார். ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு மனுஷர் இப்படியா நிற்பது என்று அது அவர் மனதிலேயே நின்றுவிட்டது. 1958இல் வெந்நீர் ஊற்றினால் தயாராகிற நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். 1971இல் கப்பிலேயே அடைத்தும் விற்றார். நம் பிள்ளைகள் இன்றைக்குத் தின்கிற பாக்கெட் நூடுல்ஸுக்கெல்லாம் தகப்பன் அவர்தான். டேவிட் சாங் தன் கடைக்கு வைத்த பெயரிலும் அவர் இருக்கிறார். வரிசையை ஒழிப்பதற்காக ஒருவர் அத்தனை பாடுபட்டார், அவர் பெயர் வைத்த கடை இருக்கிற வட்டாரத்தில் நாங்கள் குளிரில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அமெரிக்காக்காரர் அன்றைக்குக் கப்பலில் ஏற்றிவிட்ட மாவு 28 டாலருக்குத் திரும்பி வந்திருக்கிறது. மூடியைத் திறந்து உறிஞ்ச ஆரம்பித்தவர், "இது ஒரு டாலர் சொச்சம்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

சரி, நீ என்ன சொல்கிறாய், நல்லா இருந்துச்சா இல்லையா என்று மேசையைத் தட்டுவீர்கள். நல்லா இருந்துச்சு மாமா. சாறு முதல் தரம், அந்தக் கொதியைப் பொய்யாகச் செய்ய முடியாது. உதட்டில் ஒட்டுகிற பசையிலேயே தெரிந்துவிடும். நூடுல்ஸ் நான் விறைப்பாகக் கேட்டேன், விறைப்பாகவே வந்தது. உப்பு ஒரு பங்கு அதிகம். கறித் துண்டு இரண்டும் கண்ணாடித் தாள் கனம், அதில் கஞ்சத்தனம் இருக்கிறது. 19 டாலரில் 12 சாப்பாட்டுக்கு, மீதி 7 மெழுகுவத்திக்கும் பாட்டுக்கும். குளிரில் ஒன்றரை மணி நேரம் நிற்க அது தகாது. வேலை நாளில் மத்தியானம் மூன்றரை மணிக்குப் போனால் நேரே உள்ளே போய் உட்காரலாம். அப்போது உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம், பையனுக்கும் ஓய்வு இருக்கும். நான் கேட்கத்தான் போகிறேன்.

நடைபாதையில் தீர்ப்புச் சொன்ன அத்தனை பேரும் அடுத்த மாதம் வேறொரு ராமென் கடைக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வரிசை இன்னும் நீளமாம்.

மெஸ்ஸில் சாயங்காலம் நூடுல்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மாமா. பன்னிரண்டு மணி நேரக் கேஸுக்கு நீங்கள் வைக்கிற விலையைக் கேட்டால் ரெஜிஸ்திரார் ஆபீஸ்காரர் வேறு மெஸ்ஸுக்குப் போய்விடுவார். ஆனால் அந்த முட்டையை மட்டும் செய்து பாருங்கள், கறி தோசைக்குப் பக்கத்தில் வைத்தால் பேசுவார்கள். தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது முட்டையை இறக்க வேண்டும். இங்கத்துப் பெரிய முட்டைக்கு ஆறரை நிமிடம். நாட்டுக்கோழி முட்டை சின்னது, ஐந்தரையில் எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெந்துகொண்டே போகும். உரித்து, சோயா சாஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு கரண்டி கலந்து அதில் மூழ்கவைத்து ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். அரிசி மதுவும் கொஞ்சம் சேர்ப்பார்கள், அதை விட்டுவிடலாம். ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரரிடம் இருக்கிற கெட்டிக் கறுப்பு சாஸ் ஆகாது, நீர்க்க இருக்கிற நல்ல சோயாவாக வாங்குங்கள். உரிக்கிற வேலையைக் கடைப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளை இளசாக இருக்கும், நகம் பட்டால் மஞ்சள் கரு ஓடிவிடும். அத்தையிடம் கொடுங்கள். பத்து போட்டால் எத்தனை முழுசாகத் தேறுகிறது என்று எழுதுங்கள். எனக்கு இங்கே பாதிதான் தேறுகிறது.

இப்படிக்கு
உங்கள் அன்பு மருமகள்